பழவேற்காடும் காயின் பெலெகாட்டும்

வரலாறு என்றவுடன் நம் மாணவர் கோட்டையையும் கொடியையும் போரையுமே நினைக்கின்றனர். அவர்கள் இடையில் உடுத்தும் துணிக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை நாம் எடுத்துச் சொல்வது குறைவு.

அண்மையில் எங்கள் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவர்களிடம், வீட்டில் உள்ள பழம்பொருள் ஒன்றைக் கொண்டு வருமாறு கூறியிருந்தேன். ஒருத்தி பித்தளைச் செம்பு கொண்டு வந்தாள். ஒருவன் பால்மரம் வெட்டும் கத்தியைக் கொண்டு வந்தான். இன்னொருவன் தன் பாட்டனாரின் கைலியைத் தாளில் சுற்றிக் கொண்டு வந்து மேசைமேல் விரித்தான். உடனே பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது: "ஐயா, அது மலாய்க்காரர் துணி. காயின் பெலெகாட். நம்முடையது இல்லை." கைலி கொண்டு வந்த பையன் நாணித் துணியை மடிக்கத் தொடங்கினான். "மடிக்காதே, தம்பி. அவன் சொன்னதும் மெய், நீ கொண்டு வந்ததும் சரி" என்றேன். அன்று வகுப்பில் சுருக்கமாகச் சொன்னதையே இங்குச் சற்று விரித்து எழுதுகின்றேன். ஆசிரியர்களுக்குப் பயன்படும் என்பது என் நம்பிக்கை.

பெயரில் ஓர் ஊர்

மலாய் மொழியில் 'காயின்' என்பது துணி. 'பெலெகாட்' என்பது என்ன? அஃது ஓர் ஊரின் பெயர். சென்னைக்கு வடக்கே, ஏரியும் கடலும் கூடுமிடத்தில் பழவேற்காடு என்னும் பழந்துறைமுகம் உள்ளது. ஐரோப்பியர் நாவில் அது 'புலிக்காட்' ஆயிற்று. மலாயர் நாவில் 'பெலெகாட்' ஆயிற்று. பழவேற்காட்டுத் துறையிலிருந்து வந்த கட்டம் போட்ட பருத்தித் துணிக்கு அத்துறையின் பெயரே நிலைத்துவிட்டது. கோழிக்கோட்டுத் துணியை ஆங்கிலேயர் 'காலிக்கோ' என அழைத்ததும் இவ்வாறே.

ஆகவே புக்கிட் மெர்தாஜாமில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குச் செல்லும் மலாய்ப் பெரியவர் ஒருவர், தம் இடையில் ஒரு தமிழ்நாட்டு ஊரின் பெயரைச் சுற்றிக்கொண்டு செல்கின்றார் எனலாம். அவ்வுடை அவருடையதே, நூற்றாண்டுகளாக அவர் முன்னோர் உடுத்து உடுத்து அதைத் தமதாக்கிக் கொண்டனர். ஆயினும் அதன் பிறப்பு நம் கடற்கரையில். ஒரு துணி இருவருக்கும் உரியதாக இருக்கலாம் என்பதே அந்த வகுப்பின் முதற்பாடம்.

மண்ணும் மழையும்

துணி ஏன் அங்கிருந்து இங்கு வர வேண்டியதாயிற்று? விடையின் முதற்பகுதி மண்ணிலும் மழையிலும் இருக்கின்றது.

பருத்திக்குத் தொடக்கத்தில் ஈரம் வேண்டும். காய் வெடிக்கும் காலத்தில் வெயில் வேண்டும். வெடித்த காயின்மேல் மழை விழுந்தால் பஞ்சு நிறம் கெட்டு அழுகும். திருநெல்வேலி, இராமநாதபுரம் பகுதிகளின் கரிசல் நிலம் இத்தேவைக்கு மிகவும் பொருந்தியது. கரிசல் மண் மழைநீரை நீண்ட நாள் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழையில் விதைத்தால், மழை நின்ற பின்னும் அந்த ஈரத்திலேயே செடி வளர்ந்து, கோடையை ஒட்டிக் காய் வெடிக்கும். கோடையில் கரிசல் பாளம் பாளமாய் வெடிப்பதால் மேல்மண் உள்ளே விழுந்து, நிலம் தன்னைத்தானே உழுதுகொள்வது போலாகின்றது.

மலாய்த் தீபகற்பத்தின் பெரும்பகுதியிலோ ஆண்டு முழுவதும் மழை உண்டு. பஞ்சு உலர்வதற்கு வேண்டிய நீண்ட வெயிற்காலம் இல்லை. மலாயர் நெசவறியாதவர் என்று எவரும் எண்ண வேண்டா. திரங்கானு, கிளந்தான் நெசவின் புகழ் நாடறிந்தது. நாள்தோறும் உடுத்துவதற்கான பருத்தித் துணிதான் பேரளவில் வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது. இங்கே மிளகும் ஈயமும் நறுமணப் பொருள்களும் இருந்தன. அங்கே துணி இருந்தது. காற்றுத் திசை மாறும் பருவங்கள் இரண்டையும் இணைத்தன.

தமிழ்நாட்டில் இத்தொழில் மிகத் தொன்மையானது. கீழடி அகழாய்வில் நூல் நூற்கும் தக்களிகள் கிடைத்துள்ளன. சங்கச் செய்யுட்களில் நூல் நூற்கும் பெண்டிர் உவமையாக வருகின்றனர். கி.பி. முதல் நூற்றாண்டினதாகக் கருதப்படும் கிரேக்கக் கடல்வணிக நூலொன்று, உறையூரின் பெயரால் அமைந்த மெல்லிய துணியைக் குறிப்பிடுகின்றது.

மங்காத வண்ணம்

விடையின் இரண்டாம் பகுதி கைத்திறத்தில் இருக்கின்றது. பட்டையும் கம்பளியையும் போலப் பருத்தி இழை சாயத்தை எளிதில் ஏற்பதன்று. ஏற்றாலும் சில சலவைகளில் விட்டுவிடும். சோழமண்டலக் கரையின் சாயத் தொழிலாளர் இவ்விடுக்கணை வென்றனர். கடற்கரை மணலில் விளையும் சாயவேரிலிருந்து செந்நிறம் எடுத்தனர். அவுரியிலிருந்து நீலம் எடுத்தனர். கடுக்காயும் படிகாரமும் கொண்டு நூலைப் பக்குவப்படுத்திய பின் சாயம் ஏற்றினர். அவ்வண்ணம் துவைக்கத் துவைக்க மங்காமல் நின்றது.

கட்டத்துணியில் இன்னொரு நுட்பமும் உண்டு. அதில் துணி நெய்த பிறகு வண்ணம் அச்சிடப்படுவதில்லை. நூலுக்கு முதலில் சாயம், பிறகுதான் நெசவு. பாவிலும் ஊடையிலும் வண்ண நூல்களை எண்ணி அமைத்தால் கட்டம் தானே தோன்றும். ஆகவே துணிக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் என்ற வேறுபாடு இல்லை. சுற்றிக் கட்டுவதற்கு இஃது எவ்வளவு பொருத்தம் என்பதைக் கைலி கட்டியவர் அறிவர். கைலியில் கட்டமைப்பு மாறி வரும் பகுதியை மலாயர் துணியின் 'கெபாலா', அஃதாவது தலை என்பர். நாம் சேலையின் முந்தியைத் தலைப்பு என்கிறோம். துணிக்கும் தலை உண்டு என இரு மக்களும் எண்ணியிருப்பது இன்பம் தருவது.

மலாக்கா அரசவை இத்துணிகளை எவ்வளவு விரும்பியது என்பதற்குச் செஜாரா மெலாயு என்னும் மலாய் வரலாற்று நூலில் ஒரு கதை உண்டு. 1488 முதல் 1511 வரை மலாக்காவை ஆண்ட சுல்தான் மகமூத் ஷா, ஹங் நாடிம் என்பவரைக் கலிங்க நாட்டுக்கு அனுப்பினாராம். இந்தியக் கீழ்க்கரையை மலாயர் அவ்வாறு அழைத்தனர். நாற்பது வகைத் துணிகள் வேண்டும். ஒவ்வொன்றிலும் நாற்பது வகைப் பூக்கள் வேண்டும் என்பது கட்டளை. அங்குள்ள ஓவியர் வரைந்து காட்டிய எதுவும் ஹங் நாடிமுக்குப் பிடிக்கவில்லை. தாமே கோலெடுத்து வரைந்து காட்டி, அவ்வாறே செய்வித்தார். திரும்பும் வழியில் கப்பல் மூழ்கியது. ஒரு சில துணிகளே சுல்தானை அடைந்தன.

கதையில் புனைவு கலந்திருக்கலாம். எனினும் அது உணர்த்தும் உண்மை பெரிது. மலாயர் வந்ததை வாங்கிக் கொண்டவர் அல்லர். இன்னது வேண்டும் என வரைந்து கேட்டவர். அவர்கள் கண்ணும் நம்மவர் கையும் சேர்ந்தே அத்துணி உருவாயிற்று. பின்வரிசை மாணவன் அதை மலாய்க்காரர் துணி என்றது மெய் என்று நான் சொன்னதன் காரணம் இதுவே.

நான்கு சொற்கள்

கல் நிற்கும், துணி மட்கும். புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் தேவாலய வளாகத்தில் செரோக் தொக்குன் பாறை இன்றும் நிற்கின்றது. அதில் தென்னிந்திய எழுத்தமைதியில் வடமொழி வரிகள் உள்ளன. 1845இல் கர்னல் ஜேம்ஸ் லோ அதனைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். சற்று வடக்கே பூஜாங் பள்ளத்தாக்கில் கடாரத்தின் கட்டட அடித்தளங்கள் நிற்கின்றன. சுமத்திராவின் பாருசில் ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினரின் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. இராசேந்திரனின் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பை நம் மாணவர் மனப்பாடமாகச் சொல்வர். ஆனால் வணிகர் கொணர்ந்த துணி எங்கே? இந்த ஈர நாட்டில் அது மண்ணோடு மண்ணாயிற்று. அதனால்தான் வரலாறு மன்னரைப் பேசுகின்றது, நெசவாளரைப் பேசுவதில்லை.

மட்காமல் நிற்பவை சொற்கள். மலாயில் கப்பலுக்குக் 'காபல்' என்று பெயர், கடைக்குக் 'கெடாய்', பெட்டிக்குப் 'பெத்தி', வணிகத்தில் இடும் முதலுக்கு 'மோடல்'. நான்கும் தமிழிலிருந்து சென்றவை. ஒரு துணி வணிகனுக்கு வேண்டியவை எவை என எண்ணிப் பாருங்கள். முதல் வேண்டும், பெட்டி வேண்டும், கப்பல் வேண்டும், இறங்கிய இடத்தில் கடை வேண்டும். அவனுடைய தொழில் முழுவதும் இந்த நான்கு சொற்களில் அடங்கிக் கிடக்கின்றது. பருத்திக்கு மலாயில் வழங்கும் 'காப்பாஸ்' வடமொழி வழிச் சொல். அதை நம்முடையது என்று உரிமை கொண்டாட வேண்டா. உள்ளதைச் சொன்னாலே நமக்குப் போதிய பெருமை உண்டு.

இடக்கையும் வலக்கையும்

போர்த்துக்கீசியர் 1511இல் மலாக்காவைப் பிடித்தபோது, அங்கு ஏற்கெனவே தமிழ் வணிகர் செல்வாக்குடன் இருந்தனர். பின்னர் வந்த டச்சுக்காரர் ஓர் உண்மையை விரைவில் உணர்ந்தனர். மலுக்குத் தீவுகளில் வெள்ளியைக் காட்டினால் கிராம்பு எளிதில் கிடைக்காது. சோழமண்டலத் துணியைக் காட்டினால் கிடைக்கும். அதனால் அவர்களுள் ஓர் அதிகாரி சோழமண்டலக் கரையை மலுக்குத் தீவுகளின் இடக்கை என்று வருணித்தார். 1613இல் பழவேற்காட்டில் கெல்திரியாக் கோட்டை எழுந்தது இதன் பொருட்டே. 1639இல் ஆங்கிலேயர் சென்னைக் கரையில் இடம் பெற்றதற்கும் மலிவான பருத்தித் துணியே தலையாய காரணம்.

இங்கே ஒன்றை மறைத்தல் ஆகாது. டச்சுக்காரர் அக்கரையிலிருந்து துணியை மட்டும் ஏற்றவில்லை. பஞ்சக் காலங்களில் பசியால் விற்கப்பட்ட மக்களையும் அடிமைகளாக ஏற்றினர். துணி சென்ற வழியே மனிதரும் சரக்காகச் சென்ற கொடுமை, நாம் எண்ணுவதற்கு மிக முன்னரே தொடங்கிவிட்டது.

நெசவாளர் நிலை என்ன? கைக்கோளரும் சாலியரும் தேவாங்கரும் பிறரும் வணிகரிடம் முன்பணம் பெற்று நெய்தனர். ஒப்பந்தம் பிடிக்காவிடின் பணத்தைத் திருப்பித் தந்து விலகும் உரிமை அவர்களுக்கு முன்பு இருந்தது. ஆங்கிலக் கும்பினியின் ஆட்சி 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வலுப்பெற்றபோது அவ்வுரிமை சுருங்கியது. உலகமே விரும்பிய துணியை நெய்தவனுடைய பெயர் எந்த நூலிலும் இல்லை.

பினாங்கின் துணிக்கடைகள்

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடியேற்றினார். சூலியர் எனப்பட்ட தமிழ் முசுலிம் வணிகர் அதற்கு முன்னரே கெடாவில் கடை வைத்திருந்தனர். அவர்கள் விரைவில் தீவுக்கும் வந்தனர். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல்கள் ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கொண்டு வருவதாகவும், அவர்கள் வணிகமும் உழைப்பும் செய்து சிறிது பொருள் ஈட்டித் திரும்புவதாகவும் 1790களில் லைட் எழுதினார். சூலியா தெருவும், நாகூர் ஆண்டவர் பெயரால் அமைந்த தர்காவும், 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் அக்கால நினைவுகள். நாகூரிலும் நாகப்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் ஏறிய துணிப்பொதிகள் இத்தெருக்களில் அவிழ்ந்தன.

ஆலை வந்தது

இங்கிலாந்து இந்தியத் துணியைக் கண்டு அஞ்சி, 1700இலும் 1721இலும் சட்டம் இயற்றித் தடுத்தது. பிறகு பொறி பிறந்தது. 1764இல் ஹார்கிரீவ்சின் நூற்பொறியும், 1769இல் ஆர்க்ரைட்டின் நீர்விசைப் பொறியும், 1779இல் கிராம்டனின் பொறியும் வந்தன. ஒரு பெண் நாளெல்லாம் நூற்ற நூலை ஒரு பொறி சிறு பொழுதில் நூற்றது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மான்செஸ்டர்த் துணி இந்தியச் சந்தைக்கும் மலாயாச் சந்தைக்கும் வந்து குவிந்தது.

இதனால் நெசவு அடியோடு அழிந்தது என்று எழுதுவோர் உளர். அது முழு உண்மையன்று. முதலில் வேலை இழந்தவர் நூற்ற பெண்டிர். வீட்டுத் திண்ணையில் இராட்டை சுற்றி அரைவயிறு கஞ்சிக்கு வழி தேடிய கைம்பெண்கள் அவர்களுள் பலர். நெசவாளரோ ஆலை நூலை வாங்கிக் கைத்தறியில் நெய்து ஓரளவு தாக்குப் பிடித்தனர். அவ்வாறு தாக்குப் பிடிக்கத் துணை நின்ற சந்தைகளுள் நம் மலாயாவும் ஒன்று. சென்னை மாநிலத்துக் கைலிகளும் லுங்கிகளும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் நீரிணைக் குடியேற்றங்களுக்கு வந்து கொண்டே இருந்தன. மலாய் மக்கள் பெலெகாட்டைக் கைவிடாததால் தமிழ்நாட்டில் பல தறிகள் ஓயாமல் ஆடின. இந்த நன்றியை நாம் நினைக்க வேண்டும்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1861 முதல் 1865 வரை, அமெரிக்கப் பஞ்சு தடைப்பட்டது. திருநெல்வேலிப் பஞ்சின் விலை உயர்ந்தது. போர் நின்றதும் விலை விழுந்தது. எங்கோ நடந்த போர் கரிசல் உழவனை ஏற்றியும் இறக்கியும் விட்டது. பிறகு நம் மண்ணிலும் ஆலைகள் எழுந்தன. பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும் மதுரையிலும் ஹார்வி ஆலைகள், சென்னையில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள், கோவையில் ஸ்டேன்ஸ் ஆலை ஆகியவை அவற்றுள் முற்பட்டவை. வ. உ. சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். 1908இல் தூத்துக்குடிப் பஞ்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றார். கப்பலையும் பஞ்சாலையையும் ஒருவரே கையில் எடுத்தது தற்செயல் அன்று. நம் நாட்டின் செல்வம் இவ்விரண்டின் வழியாகவே வெளியேறியது என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆள் ஏறிய கப்பல்

துணிப்பொதி ஏறிய அதே நாகப்பட்டினத்தில், 19ஆம் நூற்றாண்டில் மனிதர் கூட்டம் கூட்டமாய் ஏறினர். நாம் வாழும் இந்தச் செபராங் பிறை, அந்நாளைய வெல்லஸ்லி மாகாணம், அவர்களை முதன்முதலில் பேரளவில் ஏற்றுக்கொண்ட நிலங்களுள் ஒன்று. கரும்புத் தோட்டங்களுக்காக அவர்கள் கொண்டு வரப்பட்டனர். கரும்பு போய் இரப்பர் வந்தது. ஒப்பந்த முறை 1910இல் முடிவுற்றது. கங்காணி முறையில் ஆள் எடுத்தல் 1938இல் நின்றது.

தறி இழந்த நெசவாளரே தோட்டத் தொழிலாளராய் வந்தனர் என்று பொதுவாகச் சொல்லிவிடலாகாது. வந்தவருள் பெரும்பாலோர் தஞ்சை, திருச்சி, சேலம், வடார்க்காடு முதலிய பகுதிகளின் ஏழை உழவுத் தொழிலாளர். அவர்களைத் துரத்தியவை பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும். துணியை நெய்தவன் கப்பலேறவில்லை. கப்பலேறியவன் பெரும்பாலும் துணி நெய்தவன் அல்லன். ஆயினும் இருவரையும் ஒரு கடல்வழியே இணைக்கின்றது. இருவர் உழைப்பையும் ஒரே வகை வணிகமே விலை பேசியது. தோட்டத்துக்கு வந்தவர் கடைத்தெருவில் வாங்கிய கைலி, அவரைப் போலவே கடல் கடந்து வந்ததாக இருந்திருக்கலாம். அந்த மாணவனின் பாட்டனார் கைலியை நான் கையில் எடுத்தபோது இதுவே என் நினைவில் ஓடியது.

திரும்பி வந்த விதை

பண்டமும் சொல்லும் ஒரு திசையில் மட்டும் செல்வதில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாவிலிருந்து ஒரு பருத்தி விதை தமிழ்நாட்டுக்கு வந்தது. நாட்டுப் பருத்தியை விட நீண்ட இழை உடையது. இறவை நிலத்தில் நன்கு விளைவது. கிழக்கே துணி அனுப்பிய நாட்டுக்குக் கிழக்கிலிருந்து விதை வந்தது! கோவை வட்டாரம் அதனால் செழித்தது. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்ததும் அங்கு ஆலைகள் பெருகின. கோவையில் உருவாக்கப்பட்ட எம்.சி.யு. வகைப் பருத்திகளின் பெயரில் மதராஸ், கம்போடியா, உகாண்டா ஆகிய மூன்று நிலங்களின் முதலெழுத்துகள் உள்ளன. தூயது, கலப்பற்றது என்று நாம் பேசுகின்றோம். பருத்திச் செடியோ மூன்று நாடுகளைச் சேர்த்துக்கொண்டு மேலும் நன்றாகக் காய்த்தது.

இன்று இந்தியாவிலேயே மிகுதியான நூற்பாலைகள் தமிழ்நாட்டில் உள்ளன. ஆனால் அவற்றுக்கு வேண்டிய பஞ்சில் பெரும்பகுதி குசராத்து, மகாராட்டிரம், தெலங்கானா முதலிய இடங்களிலிருந்து செல்கின்றது. கைலிகள் பலவற்றில் செயற்கை இழையும் கலந்துவிட்டது. பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைகள் இருக்கின்றன. மீன்பிடி படகுகள் இருக்கின்றன. மலாய்நாடு அறிந்த அந்தப் பழைய துணி வணிகம் இல்லை. பெயர் மட்டும் இங்கே நம் அண்டை வீட்டார் நாவில் வாழ்கின்றது.

வகுப்பறைக்கு ஒரு வேண்டுகோள்

தோட்டத்துப் பிள்ளைகள் தம் வரலாறு கூலிக் கப்பலில் தொடங்கியது என எண்ணி வளர்கின்றனர். அதைக் கேட்டு மனம் பொறாத சிலர், இராசேந்திரனின் போர்க்கப்பலைக் காட்டி ஆறுதல் சொல்கின்றனர். இரண்டுக்கும் நடுவே ஆயிரம் ஆண்டுக்கு மேல் அமைதியாக வந்து போன ஒரு கப்பல் உண்டு. அது படை ஏற்றி வரவில்லை. துணி ஏற்றி வந்தது. இந்நாட்டு மக்கள் அதை எதிர்த்து நிற்கவில்லை. கரைக்கு வந்து காத்திருந்தனர். அந்தக் கப்பலை நம் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். அதே வேளையில் கூலிக் கப்பலையும் மறைக்க வேண்டா. அதில் வந்தோர் காடு திருத்தி இந்நாட்டை ஆக்கியவர். அவர்களை நினைத்து நாணுவதற்கு ஒன்றுமில்லை.

செய்யத்தக்கது எளிது. மாணவர் வீட்டிலுள்ள பழைய கைலி ஒன்றை வகுப்புக்குக் கொண்டு வரச் சொல்லுங்கள். பாவையும் ஊடையையும் பிரித்துக் காட்டுங்கள். நிலப்படத்தில் பழவேற்காட்டையும் நாகப்பட்டினத்தையும் பினாங்கையும் கோடிட்டு இணையுங்கள். காபல், பெத்தி, கெடாய், மோடல் என்னும் சொற்களைப் பலகையில் எழுதுங்கள். மலாய்மொழி ஆசிரியரையும் அழைத்து, ஹங் நாடிமின் கதையை அவர் வாயால் சொல்லச் செய்யுங்கள். ஒரு மணி நேரப் பாடத்தில் நிலநூலும் வரலாறும் மொழியும் நல்லிணக்கமும் ஒருங்கே அமைந்துவிடும்.

அன்று பாடம் முடிந்ததும் அந்தப் பையன் கைலியை மறுபடியும் மடித்தான். இம்முறை மெதுவாக, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்தான். பின்வரிசை மாணவன் வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.